பட்டனுக்கு ஒரு பெரியவர்

“தம்பி, இன்னொரு பட்டன் வேணும்லா. எட்டு நமக்கு ஆகாது, ஒம்போதாக்கிருங்க.”

கோலா சாவா கோயில் மண்டபத்தில் திரையைக் கட்டிக்கொண்டிருந்த வசந்தனுக்கு, புனிதா அக்கா இப்படிச் சொன்னதும் அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. பொழுது விடிந்தால் அக்காவின் இணையக் கடைக்குத் திறப்பு விழா.

அவன் வருத்தம் அவனுக்கு. ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்றே தெரியாமல் அவன் பாடுபட்டது பட்டன்களை ஒழிப்பதற்குத்தான்.

இணையத்தில் கடை போட ஒரு திறமூல மென்பொருள் இருக்கிறது. எங்கெங்கோ இருக்கும் புண்ணியவான்கள் சேர்ந்து எழுதி, யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். காசு வேண்டாம், ஆனால் அதை நிறுவி முடிப்பதற்குள் உயிர் போய்விடும். தரவுத்தளத்துக்கு என்ன பெயர் வைக்கப்போகிறாய் என்று, பிள்ளை பிறந்த வீட்டில் விசாரிப்பதுபோல் விசாரிக்கும். பாதியில் கோபித்துக்கொண்டு, முதலிலிருந்து வா என்று துரத்தும். சுங்கை காடுட் தொழிற்சாலையில் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் வசந்தனையே அது தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது. அந்தக் கடுப்பில் உட்கார்ந்தவன், அதன் கேள்விகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்து, ‘கடையைத் திற’ என்ற ஒரே பட்டனில் கொண்டுவந்து நிறுத்தினான்.

மென்பொருளை எழுதியவர்களுக்கு அதை அனுப்பியும் வைத்தான். பதில் வந்தது. கணினி தெரியாத ஒருவர், பக்கத்தில் யாரும் இல்லாமல், ஒரே தட்டில் கடை திறந்ததாகக் காட்டினால் போதும், உலகம் முழுக்க அவனுடைய பட்டனையே வைத்துவிடுவார்களாம். வசந்தன் அன்று சோறு உண்ணவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

கணினி தெரியாத ஆளைத் தேடியபோது அகப்பட்டவள்தான் தூரத்துச் சொந்தமான புனிதா அக்கா. வாட்ஸ்அப் தவிர வேறெதையும் தொட்டதில்லை. கடை போட வேண்டுமென்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டும் இருந்தாள். என்ன கடை என்று வசந்தன் கேட்கவில்லை. பட்டன் செய்கிறவனுக்குச் சரக்கைப் பற்றி என்ன கவலை? கைப்பேசிக்கு அனுப்பிவைத்து, தட்டினால் முடிந்தது என்றான்.

“கடை திறக்கறதுனா சும்மாவா தம்பி? பெரியவங்க கையால திறக்க வேணாமா?” என்றாள் அக்கா.

வந்தது வினை. கோயில் தலைவர் ராமகிருஷ்ணன் வந்து தட்டுவதாக ஏற்பாடாயிற்று. அது காதில் விழுந்ததும் பழைய மண்டோர் அர்ச்சுனன் முகத்தைத் தூக்கிக்கொண்டார். தோட்டத்தில் அத்தனை பேரையும் வேலை வாங்கிய மனிதர் அவர், இன்னொருவர் தட்டுவதைக் கைகட்டி வேடிக்கை பார்ப்பாரா? கோலா சாவாவில் எதை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பார்கள், முதல் மரியாதையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அக்கா வந்து இரண்டாவது பட்டன் கேட்டாள். பிறகு மகளிர் குழுத் தலைவி நீலாவதிக்கு ஒன்று, பந்து விளையாட்டுச் சங்கத்துக்கு ஒன்று என்று வரிசை நீண்டது. தங்கள் பெரியவர் சளைத்தவர் இல்லை என்று காட்ட, ஒவ்வொருவரின் ஆட்களும் மாலையும் பொன்னாடையுமாக வாங்கிக் குவிப்பதாகக் கேள்வி.

பட்டனுக்கு ஒரு கேள்வி வேண்டுமே. வசந்தன் தான் பிடுங்கி எறிந்த கேள்விகளையே ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்து மறுபடி நட்டான்.

இப்போது ஒன்பதாவது.

“அக்கா, ஒரே தட்டுல திறக்கணும். அதுக்குத்தானே இவ்வளவும் செஞ்சேன். இப்படிப் போனா அவங்க என் பட்டன எடுத்துக்கவே மாட்டாங்கக்கா,” என்றான்.

“தலைவரு தட்டி மண்டோரு சும்மா உக்காந்திருந்தா, நாளைக்கி என் கடைப் பக்கம் யாரு வருவா?” என்றாள் அக்கா. பாவம், ஊருக்குப் பயந்து சாகிறாள் என்று வசந்தன் மனம் இரங்கி, ஒன்பதாவது பட்டனையும் போட்டான். போட்டுவிட்டு, தன் பட்டன் உலகம் சுற்றும் ஆசைக்கும் அங்கேயே முழுக்குப் போட்டான்.

மறுநாள் காலை மண்டபம் நிரம்பி வழிந்தது. ஒருவர் பின் ஒருவராக மேடையேறி, மாலை வாங்கி, பொன்னாடை வாங்கி, பட்டனைத் தட்டினார்கள். மண்டோர் அர்ச்சுனன் தமக்குரியதைத் தட்டிவிட்டு, கை தவறியதுபோல் நீலாவதியின் பட்டனையும் தட்ட, சண்டை மூண்டு அடங்கியது. வசந்தன் படம் எடுக்கக்கூட மனமில்லாமல் ஓரமாக நின்றான். கடைசிப் பட்டனும் தட்டியாயிற்று. திரையில் கடை திறந்தது.

உள்ளே வரிசையாகப் படங்கள். ரோஜா மாலை, சம்பங்கி மாலை, சரிகைப் பொன்னாடை, திருஷ்டிப் பூசணி. ஒவ்வொன்றின் கீழும் ‘விற்றுத் தீர்ந்தது’ என்று இருந்தது. திறந்து ஒரு நிமிடம்கூட ஆகாத கடையில் எப்படி என்று வசந்தன் விழித்தான். பிறகு, ஏற்கெனவே கடை இருந்தால் அதையே காட்டு என்று தானே எழுதிவைத்தது நினைவுக்கு வந்தது. படத்தில் இருந்த அதே சரிகைப் பொன்னாடைகளை மேடையில் ஒன்பது பெரியவர்களும் போர்த்திக்கொண்டு நின்றார்கள்.

புனிதா அக்கா அவன் பக்கமாகச் சாய்ந்தாள்.

“நீங்க அனுப்புன அன்னிக்கே, வீட்டுல யாரும் இல்லாதப்ப, ஒரே ஒரு தட்டுத்தான் தட்டுனேன் தம்பி, திறந்துகிச்சி. உங்களுக்குனு ஒரு பொன்னாடை எடுத்து வெச்சிருந்தேன், ஒம்போதாவது பட்டன் போட்டீங்களா, அதுவும் வித்துப்போச்சு.”