மூச்சை இழுத்தார்

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பவனைத் தூக்கில் போட வேண்டும் என்பது, ஜப்பானிய மொழியில் இரண்டு நிலை தேறிய இளம்பரிதியின் தீர்ப்பு. வகுப்பில் பாதிப் பேரை மனதுக்குள் தூக்கிலேற்றியும் விட்டான். தெருவில் அந்த மொழி தெரிந்தவன் அவன் ஒருவன்தான்; அதனால், ஜப்பானில் வேலை செய்யும் கணவர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று தெரிந்ததும் எதிர்வீட்டு சுகிர்தா அக்கா அவனைத் தேடி ஓடிவந்தாள்.

போனில் ஜப்பான் ஆஸ்பத்திரிப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இகி ஓ ஹிகிதோரிமாஷிதா."

அவன் கேட்டறியாத தொடர். 'இகி' மூச்சு, 'ஹிகி' இழுப்பது. புரியவில்லை என்றான். அவள் கொஞ்சம் தயங்கி, முதல் நிலைப் பாடத்திலேயே வரும் எளிய சொல்லால் அதையே சொன்னாள்: இறந்துவிட்டார்.

சுகிர்தா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "என்னடா தம்பி சொல்றா? முழுங்காத. அவ சொன்னத அப்படியே சொல்லு."

"மூச்ச இழுத்தாராம்க்கா."

"இழுத்தாராமா? அப்ப உசுரு இருக்கு!" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்ப கண்ணு முழிப்பாருன்னு கேளுடா."

இளம்பரிதி தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு மிகச் சுத்தமான ஜப்பானிய மொழியில், அந்தக் கேள்வியைச் சொல்லுக்குச் சொல் கேட்டான்.