மூடியில் ஒரு திருகு

தண்ணீர் நிரம்பிய பீப்பாயின் விளிம்பில் மாட்டியிருக்கும் பழைய படகு மோட்டார் மூன்றாவது தடவையாகக் குரல் கம்மி, இருமி, நின்றுபோகிறது. பட்டறைக் கூரை ஓட்டை வழியே விழும் மதிய வெயிலில் நீலப்புகை கலையாமல் தொங்குகிறது. எதிரே ஸ்டூலின் நுனியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். “மோட்டார் நின்னுபோச்சு, அலை பெருசா இருக்கு” என்று அவள் கணவன் நடுக்கடலிலிருந்து போனில் சொன்னதுதான் கடைசி. மறுநாள் படகு மட்டும் கரை ஒதுங்கியது. இரண்டு மாதமாகிறது. “ஏன் நின்னுச்சுன்னு மட்டும் சொல்லுங்கண்ணே, போதும்.” மெக்கானிக் பிளக்கை மாற்றியாயிற்று, கார்புரேட்டரைக் கழுவியாயிற்று. இப்போது படகோடு கரை ஒதுங்கிய அதே பெட்ரோல் டாங்கின் மூடியைத் திறக்கிறார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்கிறது. மூடியின் நடுவிலுள்ள சின்னத் திருகு இறுக மூடியிருக்கிறது. அது திறந்திருந்து காற்று உள்ளே போனால்தான் மோட்டாருக்குப் பெட்ரோல் வரும். “இதை யாரும்மா இப்படி இறுக்குனது?” வாய்தவறிக் கேட்டுவிடுகிறார். அவள் தன் வலதுகை விரல்களைப் பார்க்கிறாள். “வீட்டுக்குள்ள பெட்ரோல் வாடை தாங்கலன்னு... முந்தின நாள் நான்தாண்ணே.” மெக்கானிக்குக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. “சேச்சே, இதுல என்ன இருக்கு? கடலுக்குப் போறவன் இதைப் பாக்காமலா போவான்? கோளாறு வேற எங்கயோ இருக்கும்மா.” திருகைத் தளர்த்தி மூடியைப் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டி இழுக்கிறார். மோட்டார் பற்றிக்கொள்கிறது. வழக்கமாகக் கம்முகிற நேரம் வருகிறது, கடக்கிறது. வேறு ஏதாவது ஒரு காரணத்துக்காக ஒரே ஒரு தடவை நின்று தொலையாதா என்று அவர் காத்திருக்கிறார். அது சீராக ஓடிக்கொண்டேயிருக்கிறது.