சாம்பியனுக்கு ஒரு சிவப்பு உறை

"இந்தச் சிவப்பு வேணாம் தங்கச்சி. ரெண்டு மழைக்கே வெளுத்துப்போய் ரோஸ் ஆயிடும்."

தையல்காரி உள்ளுக்குள் பல்லைக் கடித்தாள். மேசை முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் துணி இறைந்து கிடந்தது. எதுவுமே இவருக்குப் பிடிக்கவில்லை. துறைமுகமே 'சாம்பியன்' என்று கூப்பிடும் மனிதர். பெண்ணுக்கு நகை எடுக்க வந்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். பக்கத்து முக்காலியில் அவர் மனைவி. அவளுக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் இருக்கிறது, யார் கேட்டார்கள்? துறைமுகத்தில் அவள் 'சாம்பியன் சம்சாரம்', அவ்வளவுதான். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தாள். அடுப்பில் சுட்டுக்கொண்டாளோ என்னவோ.

பாய்மரப் படகு ஓடாத நேரத்தில் அதன் பெரிய பாயைச் சுருட்டி, வெயில் மழை படாமல் ஓர் உறை போட்டு மூடி வைப்பார்கள். நீலம், பச்சை, சாம்பல், எதுவும் போடலாம். சிவப்பு மட்டும் கூடாது. அது வருடாந்திரப் போட்டியில் ஜெயித்த படகுக்கு. அதுவும் போட்டிக்கு மறுநாள் பொழுது சாய்வதற்குள் போட்டாக வேண்டும். தவறினால் அந்த வருஷத்துச் சிவப்பு இரண்டாவதாக வந்தவருக்குப் போய்விடும். ஜெயித்த மப்பில் படகைக் கவனிக்காதவனுக்குப் பெருமை எதற்கு என்று, எந்தக் காலத்திலோ யாரோ வைத்த சட்டம்.

சாம்பியன் பல வருஷமாக அந்தச் சிவப்பை யாருக்கும் விட்டதில்லை. பழைய உறை வெயிலில் இற்றுப்போய், போன மாதக் காற்றில் கிழிந்து தொங்கியதைத் தையல்காரியே பார்த்தாள். அக்கா மகள் பிரசவத்துக்குப் போனவள் இன்று காலையில்தான் திரும்பியிருந்தாள். கடையைத் திறப்பதற்குள் இவர் வாசலில் நிற்கிறார். நேற்றுப் போட்டியில் யார் ஜெயித்தது என்று தனியாக வேறு கேட்க வேண்டுமா? அதான் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறதே!

ரப்பர் பூசிய துணி ஒன்றை எடுத்துப்போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது என்றாள். தண்ணீர் இறங்காது சரி, காற்றும் போகாதே, உள்ளே பாய் புழுங்கிப் பூஞ்சை பிடித்துவிடுமே என்று ஒதுக்கினார். அடுத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். கடைசியில் மேல்தட்டில் இருந்த கனத்த கான்வாஸ்தான் மனசுக்குப் பிடித்தது. பழுத்த மிளகாய் நிறம். மிச்சம் இருந்ததே அந்த ஒரு துண்டுதான்.

ஜிப் வைக்கவா என்று கேட்டதற்கும் ஒரு பிரசங்கம். ஜிப் உப்புக் காற்றில் சிக்கிக்கொள்ளுமாம். பித்தளைக் கொக்கி வேண்டுமாம், ஓரம் முழுக்க இரட்டைத் தையல் வேண்டுமாம்.

"சாதாரணத் துணியே போதும்ங்க. ஒரு வருஷத்துக்குத்தானே?" என்றாள் மனைவி.

"யார் சொன்னது? அடுத்த வருஷமும் நம்ம வீட்டுலதான்."

என்ன தலைக்கனம் என்று நினைத்தாள் தையல்காரி. இந்த மனுஷனின் தொப்பியையும் பிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு கரையில் நின்றே அந்த அம்மாவுக்குக் காலம் போகிறது. கொஞ்சம் ஆட்டம் காட்டலாம் என்று தோன்றியது. வேலை நிறையக் குவிந்து கிடக்கிறது, சாயங்காலத்துக்குள் முடியுமா தெரியவில்லை என்று இழுத்தாள்.

அவ்வளவுதான், சாம்பியன் பதறிப்போனார். மற்ற வேலையெல்லாம் தள்ளி வைக்கச் சொல்லிக் கெஞ்சினார். கொக்கியைத் தானே உட்கார்ந்து அடித்துத் தருவதாகச் சொன்னார். ஆள் இப்படிக் குழைந்து அவள் பார்த்ததே இல்லை.

"லேட்டானா ஆகட்டும்ங்க. வீட்டை விட்டா போயிடப்போகுது?" என்று மனைவி சிரித்தாள்.

பாவம், இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் துறைமுகச் சட்டம்கூடத் தெரியவில்லையே என்று தையல்காரிக்கு இரக்கமாக இருந்தது.

"அது வேற, இது வேற. நீ சும்மா இரு," என்றார் அவர்.

தையல்காரி சுவரில் தொங்கிய காகித அச்சுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒவ்வொரு படகின் உறைக்கும் ஓர் அச்சு. சாம்பியனுடையதை உருவி, கான்வாஸ் மேல் விரித்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கத்திரிக்கோலைத் திறந்தாள்.

"நிறுத்து, நிறுத்து!" சாம்பியன் பாய்ந்து வந்து துணியைப் பிடித்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து நீட்டினார். "இதான் நீளம். காலையில நானே போய் அளந்துட்டு வந்தேன்."

கயிற்றை வைத்துப் பார்த்தாள். அச்சைவிட ஒரு முழத்துக்கு மேல் குறைந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. அவள் போட்ட அச்சு என்றைக்குத் தப்பியிருக்கிறது?

"ஏண்ணே, ஒரே ராத்திரியில உங்க படகு சுருங்கிடுச்சா?"

"என் படகுக்கு யாரு தைக்கச் சொன்னா? இது இவளோட குட்டிப் படகுக்கு."

தையல்காரி கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். அந்த அம்மா கைக்கட்டை அவிழ்த்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். உள்ளங்கையில் பாய்க்கயிறு அறுத்த கோடு சிவந்து கிடந்தது.

"அப்போ... ரெண்டாவதா வந்தது யாரு?"

"நான்தான். பொழுது சாயறதுக்குள்ள இதைப் போடலைன்னா சிவப்பு எனக்குல்ல வந்து தொலையும்! சீக்கிரம் வெட்டு," என்றார் அவர். "அப்புறம் தங்கச்சி, இனிமே என்னைச் சாம்பியன்னு கூப்பிடாதே. சாம்பியன் வீட்டுக்காரர்னு கூப்பிடு."