அம்பூரிக்கு நாலு லைசன்ஸ்

நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஷைஜு, பாறசாலைக்கு பஸ் ஏறும்போதே சீட்டியடித்தான். பைக்குள் ஒரு கட்டு பிளாப்பி, நாலு லைசன்ஸ் பத்திரங்கள். பத்திரங்களைப் போன வாரம்தான் அவனே கலர் ஜெராக்ஸ் எடுத்திருந்தான்.

சரக்கு போகிற இடம், மலைவாழ் மக்களான காணிக்காரர்களின் காடு காக்கும் சங்கம். அம்பூரிக்கு மேலே மலையில் எந்த ஓடை எப்போது வற்றுகிறது, எந்த மூலிகை எங்கே குறைகிறது என்று காணிகளே குறித்துவந்து கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது திட்டம். கிராண்ட் கொடுத்தவர்கள் நாலு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அம்பூரியில் ஓர் அறையில் இறக்கிவிட்டார்கள். சாப்ட்வேர் வாங்க மட்டும் பட்ஜெட்டில் 'செலவுத் தலைப்பு இல்லை' என்று கைவிரித்தார்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு லைசன்ஸ் என்பது சாப்ட்வேர் கம்பெனியின் சட்டம். விலையோ யானை விலை.

சங்கம் விசாரித்து எழுதிய கடிதத்துக்கு, பாதி விலைக்குத் தருகிறேன் என்று ஷைஜு எழுதிப் போட்டதும், சங்கச் செயலாளர் புஷ்பபாய் டீச்சர் உடனே வரச்சொல்லிப் பதில் போட்டிருந்தார்.

பாறசாலையில் சங்கத்தின் ஆபீசில் மூன்றே பேர். டீச்சர், காணிகளின் தலைவர் செல்லையன், மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த ஒருவர். டீயும், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் வந்தன.

டீச்சர் பத்திரங்களைத் தடவிப் பார்த்து, என்ன ஒரு பளபளப்பு என்று வியந்தார். நாலிலும் அவனைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டான். கடை முத்திரை வேண்டும் என்றார். குத்தினான். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று அவனுக்குச் சிரிப்பு முட்டியது. பழம்பொரியை வாயில் திணித்து அடக்கிக்கொண்டான்.

செல்லையனுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"மக்கா, இது கம்பெனிக்க அசலாக்குமா?"

சந்தோஷத்தில் ஷைஜுவின் நாக்கு அவிழ்ந்துகொண்டது.

"அசல் வாங்கணும்னா மலைய வித்தாலும் பத்தாது, அண்ணாச்சி. இது நான் வீட்டுல இருந்து போட்ட காப்பியாக்கும். சும்மா பறக்கும். அம்பூரி வரைக்கும் ஏறி வந்து எவன் பாக்கப் போறான்?"

டைப் சத்தம் நின்றது. மூலையில் இருந்தவர், அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் அடித்து முடித்திருந்தார். தாளை உருவி எடுத்துக்கொண்டு எழுந்து, தன் பெயர் மோகனன் என்றும், அந்த சாப்ட்வேர் கம்பெனியின் திருவனந்தபுரத்து அதிகாரி என்றும் மரியாதையாக அறிமுகம் செய்துகொண்டார். அதற்குள் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

ஷைஜுவுக்கு வாயில் இருந்த பழம்பொரி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அறியாமல் செய்துவிட்டதாக டீச்சரிடம் கெஞ்சிப் பார்த்தான். அவர் தட்டில் மீதி இருந்த இரண்டு பழம்பொரியையும் காகிதத்தில் பொதிந்து அவன் கையில் கொடுத்தார்.

"வச்சுக்கோ மக்கா. ஸ்டேஷன்ல நேரமாவும்."

ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. கள்ளக் காப்பிக்காரனைப் பிடித்துக் கொடுத்தால் கம்பெனி சன்மானமாகத் தரும் அசல் லைசன்ஸ் ஒன்றைச் செல்லையனிடம் கொடுத்து, கைகுலுக்கிவிட்டு மோகனனும் கிளம்பினார்.

டீச்சர் ஒரு புது இன்லண்ட் லெட்டரை எடுத்து, களியக்காவிளையில் புதிதாகக் கம்ப்யூட்டர் கடை திறந்திருந்தவருக்கு, மலிவு விலையில் சாப்ட்வேர் கிடைக்குமா என்று விசாரித்து எழுதத் தொடங்கினார்.

"மூணு லைசன்ஸ் ஆச்சு, டீச்சரே," என்றார் செல்லையன், ஆறிப்போன டீயை எடுத்தபடி. "இனி ஒரே ஒரு கள்ளன் கிட்டினா போரும்."