நத்தை அக்கா வாங்கிய பேட்டரி

நத்தை அக்காவுக்கு முதுகிலேயே வீடு. வீட்டில் ஒரு குட்டி பல்பு. மழை ஈரம் காய்வதற்குள் வாழைத்தோப்புக்குப் போயாக வேண்டும், அங்கே மகள் முட்டையிடப் போகிறாள். காய்ந்த தரையில் நத்தையால் நகர முடியாது. வழியில் பல்பு எரியட்டுமே என்று தவளை அண்ணன் கடைக்குப் போனாள்.

"டார்ச்சு பேட்டரி போதும்ணே."

"அதை வச்சிருந்தா யாரும்மா மதிப்பாங்க? திடீர்னு நாத்தனார் வந்து மிக்சி போடச் சொன்னா?" என்றார் தவளை.

அக்கா ஒருத்தியே உடம்பைச் சுருக்கிக்கொண்டு நுழைகிற வீடுதான் அது. இருந்தாலும் நாத்தனார் வந்துவிட்டால்?

லாரி பேட்டரியையே வாங்கிவிட்டாள். எலிகள் அதைக் கயிறு போட்டு அவள் ஓட்டோடு கட்டின. பல்பு பளபளவென்று எரிந்தது. அக்காவால்தான் ஓர் அங்குலம்கூட நகர முடியவில்லை. அவிழ்த்துப் போடவும் மனசு வரவில்லை. எவ்வளவு பெரிய பேட்டரி!

மழை விட்டது, வெயில் ஏறியது. அந்தப் பக்கமாக வந்த மரவட்டை நின்றது.

"என்னக்கா, மகளைப் பார்க்கப் போகலையா?"

"எங்கடி போறது? தரையெல்லாம் காஞ்சு போச்சு," என்றாள் அக்கா. "அது கிடக்கட்டும், உன் போனைக் குடுத்துட்டுப் போ. சார்ஜ் போட்டு வைக்கிறேன்."