ஒரு கைக்கு மட்டும்

கிரேன் ஏணியிலிருந்து விழுந்த கிளாட்வினுக்கு இரண்டு முன்கையிலும் எலும்பு முறிந்து, தூத்துக்குடியில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். மரத்துப்போகும் ஊசியோடு இப்போதெல்லாம் ஒரு மருந்தைக் கலந்துவிடுகிறார்கள். எலும்பு கூடும் வரைக்கும் கையில் எதுவும் உறைக்காது. விரல்கள் மட்டும் வழக்கம்போல் அசையும். அந்த வார்டில் யாரும் வலியில் முனகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

அதே வாரம் அவன் மனைவி பிரிசில்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவர்கள் வெகுகாலம் காத்திருந்து பெற்ற பிள்ளை. நர்ஸ் குழந்தையை அவன் மடியில் கிடத்தி, அவனுடைய உள்ளங்கைகளை அதன் அடியில் வைத்துவிட்டுப் போனாள். கிளாட்வின் கண்ணை மூடிப் பார்த்தான். கையில் பிள்ளை இருப்பதே தெரியவில்லை.

மறுநாள் டாக்டரிடம் மரப்பை நீக்கும் மாற்று ஊசி கேட்டான்.

“உசிரு போற மாதிரி வலிக்கும், தம்பி. ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா?”

“வலிக்கட்டும் டாக்டரம்மா. எம்பிள்ளைய நான் இன்னும் தொடவே இல்ல. ஒரு கைக்கு மட்டும் போட்டு விடுங்க.”

சாயங்காலம் வலது கையில் வலி ஏறத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கையிலேயே குழந்தையைத் தாங்கி உட்கார்ந்திருந்தான். கண்ணில் நீர் முட்டியது.

“ரொம்ப வலிக்கா?” என்றாள் பிரிசில்லா.

“வலிக்கு.” சொல்லும்போதே அவன் முகம் மலர்ந்தது. “ஏட்டி, ஒண்ணுக்குப் போயிட்டா! எவ்வளவு சூடா இருக்கு!”

துணியை எடுத்துக்கொண்டு பிரிசில்லா கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

“கொஞ்சம் இரு,” என்றான்.