இன்ஜின் இல்லாத கார்

சாமியப்பன் ஆசைப்பட்டு வாங்கிய பழைய காரின் இன்ஜினைப் பட்டறையில் கழற்றிப் போட்டிருந்தார்கள். ஓடாத வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்களே என்று சண்டை பிடிக்கத்தான் அவர் மனைவி பாவாயி அங்கே வந்தாள். நின்று நின்று கால் கடுத்துப்போய்க் காருக்குள் உட்கார்ந்தாள். பக்கத்தில் சாமியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "எங்க போலாம்?" என்றார்.

"எங்கியாச்சும்," என்றாள் வெடுக்கென்று.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இருவரும் அந்தக் காரிலேயே கிளம்பிவிடுகிறார்கள். குறுக்கே வரும் மாடுகளைப் பாவாயிதான் விரட்டுவாள்.

இன்று மெக்கானிக் லத்தீப் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஜன்னலில் குனிந்தார். "இன்ஜின் ரெடிங்க. மாட்டிரலாங்களா?"

பாவாயி ஒரு கையால் கதவை இறுகப் பிடித்திருந்தாள். "இப்ப அவருகிட்டப் பேச்சுக் குடுக்காதீங்க பாய். கொண்டை ஊசி வளைவு."

லத்தீப் சட்டென்று ஓரமாக ஒதுங்கி நின்றார்.